பன்றிக் கொட்டகை நாற்றமும் கழிவும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தினமும் இரண்டு வேளை கழுவிவிடுகிறேன். அப்படியும் நாற்றம் போகவில்லையே?

பதில்: கழுவின தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். சாணமும் மூத்திரமும் தண்ணீரோடு சேர்ந்து குழியில் தேங்கினால் காற்றில்லாமல் அழுகும். குடலைப் பிரட்டும் நாற்றம் அங்கேதான் பிறக்கிறது. கண் எரிவது அம்மோனியாவால். மூத்திரத்தில் உள்ள யூரியாவைச் சாணத்திலுள்ள யூரியேஸ் நொதி உடைப்பதால் அது வருகிறது. அதனால் இரண்டையும் சேரவிடாதீர்கள். தரைக்குச் சரிவு கொடுத்து மூத்திரத்தைத் தனி வாய்க்காலில் ஓடவிடுங்கள். சாணத்தை முதலில் வழித்து அள்ளிவிட்டு, அப்புறம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும்.

கேள்வி: நாற்றம் போக வாசனைத் திரவம் தெளிக்கலாமா?

பதில்: வேண்டாம். நாற்றத்தோடு இன்னொரு வாசனையும் சேரும், அவ்வளவுதான்.

கேள்வி: தீவனத்தில் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும், பலரும் கவனிக்காத இடம் இது. பன்றிக்குத் தேவைக்கு மேல் கொடுக்கும் புரதம் யூரியாவாக மாறி மூத்திரத்தில்தான் போகிறது. தீவனப் புரதத்தை 18 சதவீதத்திலிருந்து 17 ஆக்கி, லைசின், திரியோனின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்களால் ஈடுகட்டினால் கழிவில் போகும் தழைச்சத்து (நைட்ரஜன்) 8 முதல் 10 சதவீதம் வரை குறையும். அளவை ஒரு தீவன நிபுணரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழியைக் கலக்கும்போது அழுகின முட்டை நாற்றம் வந்து, சட்டென்று நின்றுவிட்டது. நல்லதுதானே?

பதில்: இல்லை தம்பி, அப்படி நின்றால் உடனே வெளியே ஓடிவிடுங்கள். அது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில் 10 லட்சத்துக்கு 100 பங்கைத் தொட்டாலே மூக்கு மரத்துப்போகும். வாயு இருக்கும், வாடை தெரியாது. 500-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. காற்றைவிடக் கனமானதால் குழியிலேயே தங்கும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் இறந்த குடும்பங்கள் உண்டு. மூச்சுக் கருவி இல்லாமல் யாரும், எதற்காகவும் இறங்கக் கூடாது. கலக்கும் நாளில் கொட்டகையில் ஆளும் பன்றியும் இருக்க வேண்டாம். எல்லாப் பக்கமும் திறந்துவையுங்கள்.

கேள்வி: சாணத்தை மட்க வைக்க எவ்வளவு வைக்கோல் சேர்க்க வேண்டும்?

பதில்: கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் 25-க்கு 1 முதல் 30-க்கு 1 வரை அமைய வேண்டும். பன்றிச் சாணத்தில் தழைச்சத்து அதிகம் என்பதால் வைக்கோலையோ மரத்தூளையோ தாராளமாகவே சேருங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம். ஒழுகினால் ஈரம் அதிகம். குவியலின் நடுவில் 55 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும். அந்தச் சூட்டில்தான் நோய்க்கிருமிகள் சாகும். ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி புரட்டிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: குழிக் கழிவை வயலுக்கு எப்போது விடுவது?

பதில்: காலையில் விடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்று மேலெழுந்து வாடையைக் கலைத்துவிடும். அந்தியில் விட்டால் அக்கம்பக்கத்து வீடுகள் மேலேயே படியும். விட்ட சில மணி நேரத்துக்குள் உழுது மண்ணுக்குள் தள்ளுங்கள். மழை வருமென்றால் தள்ளிப்போடுங்கள். இன்னொன்று: தழைச்சத்துக் கணக்கில் மட்டும் வருடா வருடம் விட்டால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் ஏறிக்கொண்டே போகும், அது குளத்துக்கு வழிந்தால் பாசி மண்டி மீன் சாகும். மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்த வயலுக்கு விடாமல், வேறு வயலுக்குக் கொண்டுபோங்கள்.