ஏஜென்ட் மாற்றிய இன்வாய்ஸுக்கு இறக்குமதியாளர் சிறை செல்ல நேருமா?

கேள்வி: மின்மோட்டார் உதிரிபாகங்களை இந்தியாவுக்கு இறக்குமதி செய்கிறேன். முழு விலைக்கான சுங்கத் தீர்வையை (இறக்குமதி வரியை) என்னிடம் வாங்கிக்கொண்ட கிளியரிங் ஏஜென்ட், விலை குறைத்த போலி இன்வாய்ஸைத் தாக்கல் செய்திருக்கிறார். இதனால் கட்டாமல் விடுபட்ட தீர்வை 18 லட்சம் ரூபாய். சுங்கத்துறையிலிருந்து சம்மன் வந்துள்ளது. எனக்குச் சிறைத் தண்டனை கிடைக்குமா?

பதில்: உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நீதிமன்றம் நம்பினால் தண்டனை இல்லை. ஆனால், மாறாக மெய்ப்பிக்கப்படாத வரை, ஏஜென்ட் செய்தது உங்களுக்குத் தெரிந்து, உங்கள் சம்மதத்தோடு நடந்ததாகவே சுங்கச் சட்டம் 1962-இன் 147-ஆம் பிரிவு கருதுகிறது. குற்ற மனம் (தெரிந்தே குற்றம் செய்யும் எண்ணம்) இருந்ததாக அனுமானிக்கச் சொல்லும் 138ஏ பிரிவோ, அது இல்லை என்பதை நீங்களே ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது.

பொய் ஆவணத்துக்கு 132-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தீர்வை ஏய்ப்புக்கு 135-ஆம் பிரிவு 3 ஆண்டு வரை விதிக்கிறது; ஏய்த்த தீர்வை 50 லட்சத்தையோ பொருளின் சந்தை விலை 1 கோடியையோ தாண்டினால் அது 7 ஆண்டு வரை உயரும். உங்கள் 18 லட்சம் தீர்வை வரம்பைத் தாண்டவில்லை; ஆகவே சரக்கின் சந்தை விலையை முதலில் கணக்கிடுங்கள். சுங்கத்துறையின் முதன்மை ஆணையர் அல்லது ஆணையரின் முன் அனுமதியின்றி நீதிமன்றம் இவ்வழக்கை எடுத்துக்கொள்ள முடியாது.

சிறு இறக்குமதியாளரை முடக்குவது பெரும்பாலும் சிறையன்று, துறையே விதிக்கும் அபராதம்தான். தெரிந்தே பொய் ஆவணம் பயன்படுத்தியதாக முடிவானால், 114ஏஏ பிரிவின்கீழ் பொருள் மதிப்பின் 5 மடங்கு வரை விதிக்கலாம்.

உங்களுக்கு வலுவான சான்று, ஏஜென்ட் உங்களுக்கு அனுப்பிய தீர்வை பில்லும் சுங்கத்தில் கட்டிய சலானும்தான். இரண்டுக்கும் இடையிலான தொகை யாரிடம் தங்கியது என்பதை அவையே சொல்லிவிடும். சப்ளையருக்கு முழு விலையும் வங்கி வழியாகவே சென்றிருந்தால், அந்தக் கணக்கு விவரத்தையும், அசல் இன்வாய்ஸ் வந்த மின்னஞ்சலையும் அழிக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பழைய தேதியிட்டுப் புதிதாக ஒரு கடிதம்கூடத் தயாரிக்க வேண்டாம். அது இன்னொரு குற்றமாகிவிடும். ஏஜென்ட் மீது போலி ஆவணப் புகாரை இப்போதே காவல்துறையில் கொடுப்பது நல்லது.

சம்மனைத் தவிர்க்காதீர்கள். சுங்க அதிகாரி காவல்துறை அதிகாரி அல்லர் என்பதால், காவல்துறையிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் போலன்றி, 108-ஆம் பிரிவின்கீழ் நீங்கள் தரும் வாக்குமூலம் உங்களுக்கு எதிரான சாட்சியமாகலாம். அங்கே பொய் சொல்வதும் தண்டனைக்குரியது. எனவே வழக்கறிஞரிடம் ஆவணங்களைக் காட்டிவிட்டுச் செல்லுங்கள். எழுதப்பட்டதை முழுவதும் படித்து, சொல்லாதது இருந்தால் திருத்தச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்திடுங்கள்.