சான்றிதழ் கைக்கு வரும்வரை பள்ளி காத்திருக்க வேண்டியதில்லை

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 9 வயது. தேனி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். பேச்சு சீக்கிரமே வந்துவிட்டது. பள்ளிக்குப் போகும் முன்பே எழுத்துக் கூட்டிப் படித்தான். தினமும் காலையில் பேப்பரில் அணைகளின் நீர்மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறான். யார் வந்தாலும் வைகை எத்தனை அடி, மேட்டூர் எத்தனை அடி என்றுதான் பேசுவான். கேட்பவர் எழுந்து போனாலும் நிறுத்த மாட்டான். கூட விளையாட யாரும் இல்லை. பள்ளி மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுகிறான். போன மாதம் டீச்சர், "இஷ்டம் இருந்தா உட்காரு, இல்லன்னா வெளியே போ" என்று திட்டியதும் பையை எடுத்துக்கொண்டு கேட் வரை போய்விட்டான். திமிர் என்கிறார்கள். ஆஸ்பெர்கராக இருக்கலாம் என்று ஓர் உறவினர் சொன்னார். பள்ளியிலோ, சான்றிதழ் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். என் மாமியார், "இவன் அப்பனும் சின்ன வயசுல இப்படித்தான், சரியாயிடும்" என்கிறார். ஞாயிறு இரவானால் அவனுக்கு வயிறு வலிக்கிறது. நான் என்ன செய்ய?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, உங்கள் மகன் டீச்சரை எதிர்க்கவில்லை. உட்காரலாம், அல்லது போகலாம் என்று டீச்சர் சொன்னார், அவன் போனான். அதட்டும் குரலுக்குள் "பேசாமல் உட்கார்" என்ற பொருள் இருந்தது மற்ற பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்திருக்கும். அவனுக்குச் சொற்கள் மட்டும்தான் கேட்டிருக்கின்றன. நீங்கள் எழுதியிருக்கும் மற்ற விவரங்களோடு சேர்த்துப் பார்த்தால் உறவினரின் சந்தேகம் நியாயமானதுதான். பிறரோடு பழகுவதிலும் குறிப்பறிவதிலும் பிறவியிலேயே மாறுபட்டிருக்கும் நிலையை ஆட்டிசம் என்கிறோம், அதில் ஒரு வகைக்கு முன்பு இருந்த பெயர்தான் ஆஸ்பெர்கர். ஆனாலும் கடிதத்தை வைத்து நோயறிதல் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதிகமாகக் கவனம் சிதறும் பிள்ளை, கேட்கும் திறன் குறைந்த பிள்ளை, பதற்றம் மிகுந்த பிள்ளை என்று பலரும் வகுப்பில் இப்படித் தனித்து நிற்பதுண்டு. ஒரே பிள்ளைக்கு ஆட்டிசமும் கவனக்குறைவும் சேர்ந்தே இருப்பதும் சகஜம்.

முதலில் ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். மருத்துவர் தரும் அறிக்கையில் ஆஸ்பெர்கர் என்ற பெயர் இருக்காது. 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு அதை ஆட்டிசம் வகைகளோடு ஒன்றாகச் சேர்த்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய பட்டியலும் அப்படித்தான். அதனால் "ஆட்டிசம், நிலை 1" (மூன்று நிலைகளில் மிகக் குறைந்த உதவி தேவைப்படுவது) என்று எழுதியிருப்பதைப் பார்த்து, வேறு ஏதோ பெரிய நோயைச் சொல்லிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். நன்றாகப் பேசுகிற, அறிவில் குறை இல்லாத பிள்ளைகளும் இதற்குள்தான் வருகிறார்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்று, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிந்து உதவும் ஒரு பிரிவு இருக்கும். பச்சைக் குழந்தைகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 18 வயது வரை பார்ப்பார்கள், செலவும் இல்லை. அங்கே குழந்தை மருத்துவரையும் மனநல மருத்துவரையும் கேளுங்கள். இன்னும் விரிவான மதிப்பீடு வேண்டுமென்றால் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும், பெங்களூரு நிம்ஹான்ஸில் குழந்தைகள் மனநலப் பிரிவும் இருக்கின்றன.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஆட்டிசத்தைக் காட்டாது. வலிப்பு போன்ற சந்தேகம் இருந்தால் ஒழிய மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யும் தேவையில்லை. காது கேட்கும் பரிசோதனை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். மணிச் சத்தத்துக்குப் பயப்படுகிறானே, காது நன்றாகத்தானே கேட்கிறது என்று விட்டுவிடாதீர்கள். மற்றபடி எல்லாமே பேச்சும் கவனிப்பும்தான். கர்ப்ப காலம் முதல் இன்றுவரை நடந்ததைக் கேட்பார்கள், பையனோடு பேசி விளையாடிப் பார்ப்பார்கள், உளவியலாளர் அறிவுத்திறன் சோதனை வைப்பார். ஒரே நாளில் முடியாது. அறிமுகமில்லாத அறையில் பத்து நிமிடம் அவன் மிக நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கக்கூடும், அதனால் வீட்டில் எடுத்த சில வீடியோக்களைச் செல்போனில் கொண்டு போங்கள். வகுப்பில் பார்த்ததை டீச்சரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். அந்த அணை நோட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். நான் எந்தக் கேள்விப் பட்டியலையும்விட அப்படிப்பட்ட நோட்டைத்தான் முதலில் புரட்டுவேன்.

உங்கள் கணவரும் வர வேண்டும். ஆட்டிசத்தில் பரம்பரையின் பங்கு பெரியது. "இவன் அப்பனும் இப்படித்தான்" என்று உங்கள் மாமியார் சொன்னது மருத்துவருக்கு உதவும் தகவல். ஆனால் அதை விட்டுவிடுவதற்குக் காரணமாகச் சொல்கிறாரே, அதை மட்டும் ஏற்க முடியாது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று உங்கள் கணவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

இனி சான்றிதழ். இதில்தான் பெற்றோர் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். மருத்துவர் எழுதித் தரும் மதிப்பீட்டு அறிக்கை வேறு, அரசின் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு. அறிக்கை உங்கள் சொத்து. யாருக்குக் காட்டுவது, எவ்வளவு காட்டுவது என்பது உங்கள் முடிவு. சான்றிதழுக்கு யு.டி.ஐ.டி. என்ற, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான மத்திய அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்து மருத்துவக் குழு முன் போக வேண்டும். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். ஆட்டிசத்துக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்றை வைத்து சதவீதம் போடுவார்கள். சலுகைகள் பலவற்றுக்கு 40 சதவீதம் வேண்டும். சரளமாகப் பேசும் பிள்ளைகளுக்கு அதில் மதிப்பெண் குறைவாக வந்துவிடலாம், அதை வைத்து அவனுக்குக் கஷ்டமே இல்லை என்று ஆகிவிடாது. சான்றிதழ் கிடைத்தால் நல்லது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு அது கைகொடுக்கும். இந்த வருடமே வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை.

ஏனென்றால், பள்ளி இன்று செய்ய வேண்டியதற்கு 40 சதவீதம் நிபந்தனை இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளையும் கட்டுப்படுத்தும். பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், அந்தப் பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்கிறது அது. டி.சி. மிரட்டலுக்கும் பதில் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் அதே சட்டத்தில் தடை. எடுத்தவுடன் சட்டத்தைப் பேசி வகுப்பாசிரியரை எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம். அவர் நாற்பது பிள்ளைகளை வைத்துத் திணறிக்கொண்டிருக்கலாம். ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்ற தைரியத்தோடு போய் உட்காருங்கள்.

மருத்துவமனையில் தேதி வாங்கியதும், "மதிப்பீடு நடக்கிறது, அதுவரை இந்தச் சில உதவிகள் வேண்டும்" என்று தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். என்ன உதவி என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றால் எதுவும் நடக்காது. மணி இருக்கும் பக்கத்திலிருந்து தள்ளி உட்கார வைக்கலாம். மணி அடிக்கப்போவதை ஒரு நிமிடம் முன்னதாகச் சொல்லலாம். அவனிடம் கேள்வியாகவோ கிண்டலாகவோ சொல்லாமல் "இப்போது உட்கார்" என்று நேராகச் சொல்லலாம். ஆசிரியர் லீவு, ஆண்டு விழா ஒத்திகை என்று வழக்கம் மாறும் நாட்களை முந்தின நாளே தெரிவிக்கலாம். தாங்க முடியாமல் போனால் நூலகத்திலோ அலுவலக அறையிலோ ஐந்து நிமிடம் உட்கார்ந்து வர அனுமதிக்கலாம். பெஞ்சுக்கு அடியில் அவனாகவே தேடிக்கொண்டது அப்படி ஓர் இடத்தைத்தான். இதில் எதற்கும் பெரிய செலவு கிடையாது.

இடைவேளை நேரத்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். மனத்தை நோகடிக்கும் கேலியும் சீண்டலும் பெரும்பாலும் பாட வேளையில் நடப்பதில்லை, சாப்பாட்டு நேரத்தில்தான் நடக்கின்றன. காதருகே வந்து கத்தி, அவன் அலறுவதை வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அவனாக வந்து சொல்ல மாட்டான். அது கிண்டல் என்றே அவனுக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து இல்லை. கூடவே வரும் பதற்றம், கவனக்குறைவு, தூக்கமின்மைக்குச் சிகிச்சை உண்டு. ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சங்களில் விளம்பரம் வரும். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்து அங்கே போகாதீர்கள். பழகும் முறையைச் சொல்லிக்கொடுக்கும் ஸ்பீச் தெரபி, சத்தத்தையும் தொடுதலையும் தாங்கப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, பெற்றோருக்கான பயிற்சி, இவற்றில் எது வேண்டும் என்று மதிப்பீட்டுக்குப் பிறகு சொல்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலியைக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வலி நிஜமானது, அவன் நடிக்கவில்லை. வயிற்றை ஒரு முறை பரிசோதித்து, அங்கே ஒன்றும் இல்லை என்றால் பள்ளியை நினைத்து வரும் பதற்றமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி, தூக்கம் கெடுவது, பள்ளிக்குப் போகவே மறுப்பது, தன்னைத்தானே அடித்துக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது என்று ஏதாவது தெரிந்தால், கொடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே கூட்டிப் போங்கள். இரவில் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். அவனுக்காக மட்டுமின்றி, உங்களுக்குத் தாங்க முடியாமல் போகும் இரவிலும் கூப்பிடலாம்.