டேங்கரில் எழுதிய ‘இன்’

அன்புள்ள ஐயா,

நாமக்கல்லில் இருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவிலேயே நாலு கேஸ் டேங்கர் நிற்கும். எட்டாவது படிக்கும் என் மகன், “டேங்கர்ல இன்ஃபிளேமபிள்னு இருக்கு, சென்ட் பாட்டில்ல ஃபிளேமபிள்னு இருக்கு. அப்போ கேஸ் தீப்பிடிக்காதாம்மா?” என்று கேட்கிறான். கரெக்ட், இன்கரெக்ட் மாதிரி எதிர்ச்சொல் என்று நோட்டிலும் எழுதி வைத்திருக்கிறான். எனக்கு விளக்கத் தெரியவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள்: இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். எளிதில் தீப்பற்றும். தீப்பற்றாததை நான்-ஃபிளேமபிள் என்பார்கள்.

பையனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவன் பிடித்தது சரியான விதிதான். ஆனால் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு இரண்டு ‘இன்’ வந்தன. ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பொருள், மற்றதற்கு ‘உள்ளே’. தீமூட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வினையில் இருப்பது இரண்டாவது. இன்ஃபிளேமபிள் அதன் வழி வந்தது. டாக்டர் சொல்லும் இன்ஃபிளமேஷனும் அதே குடும்பம். அதைத் தமிழில் அழற்சி என்கிறோம். அழல் என்றால் தீ. சிவந்து வீங்கிய உடம்பில் இரண்டு மொழிகளும் நெருப்பையே கண்டிருக்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான்.

நம்மிடமும் இப்படி உண்டு. நிராயுதபாணியிடம் ஆயுதம் இல்லை, நிர்மூலமானதற்கு வேர் இல்லை. அதே கணக்கில் நிர்மாணத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே எதுவும் இல்லாமல் போகவில்லை, கட்டி எழுப்புகிறார்கள்.

நிர்மாணத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டால் யாருக்கும் தீக்காயம் படாது. டேங்கர் அப்படியல்ல. இந்தப் பயத்தால்தான் 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், ‘இன்’னை விட்டுவிட்டு ஃபிளேமபிள் என்றே எழுதும்படி வலியுறுத்தியது. 1959இல் பிரிட்டனின் தர நிர்ணய நிறுவனமும் அதையே சொன்னது. இரண்டில் பழைய சொல் இன்ஃபிளேமபிள்தான், அதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனாலும் எச்சரிக்கைப் பலகையைப் படிக்கிறவருக்கு லத்தீன் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. உங்கள் மகனுக்கு வந்த சந்தேகம் கிளீனர் பையனுக்கும் வரலாம்.

நோட்டில் இன்னொரு சொல்லையும் சேர்க்கச் சொல்லுங்கள்: கம்பஸ்டிபிள். இங்கே உண்மையிலேயே வேறுபாடு உண்டு. மைனஸ் 40 டிகிரி குளிரிலும் பெட்ரோலிலிருந்து பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி எழும். டீசல் நன்றாகச் சூடேற வேண்டும். இந்த ஆவி எழும் வெப்பநிலை 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 38 செல்சியஸுக்குக் கீழே இருக்கும் திரவங்களை ஃபிளேமபிள் என்றும், அதற்கு மேல் இருப்பவற்றைக் கம்பஸ்டிபிள் என்றும் அமெரிக்க விதிகள் நெடுங்காலம் பிரித்து வந்தன.

லாரிக்கு பாடி கட்டுவதில் பேர்போன ஊர் உங்களுடையது. பட்டறையில் எழுத்து எழுதுகிற யாரையாவது தெரிந்தால், அடுத்த பெயின்ட்டில் அந்த ‘இன்’னை விட்டுவிடச் சொல்லுங்கள். ‘எளிதில் தீப்பற்றும்’ என்று தமிழிலும் எழுதட்டும், ஆங்கிலத்தைவிடப் பெரிதாக.