அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவருக்கு நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா நல்லது?

நான் ஒட்டுசுட்டான் பக்கம். தம்பிக்கு எந்த எண்ணெயில் சமைப்பது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் அவருக்கு வந்த அதே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்தான், அதாவது பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் வருத்தம், ஐந்து வருடமாக இருக்கிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எந்த எண்ணெய்க்காகவும் குளிசையை நிறுத்த விடாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெரியபிள்ளையானால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பார்கள் அல்லவா? எனக்கு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியதும் அம்மம்மாவுக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. "குடல் காஞ்சு போச்சு பிள்ளை, குடி" என்று எங்கள் காணி எள்ளில் ஆட்டிய எண்ணெயை முட்டைக்கோதில் அளந்து ஒவ்வொரு நாளும் விடியத் தந்தார். நானும் அதை நம்பி, குடல் அழற்சியை அடக்க டொக்டர் தந்த மெசலசின் குளிசையை நிறுத்திவிட்டேன். நாலாம் கிழமை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓடி, கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்தேன். அம்மம்மா அழுததுதான் எனக்கு வருத்தத்தை விடப் பெரிய நோவு.

சரி, எண்ணெய்க்கு வருவோம். நல்லெண்ணெயில் சுமார் 40 வீதமும் சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் 60 வீதமளவும் லினோலெயிக் அமிலம் என்ற ஒமேகா 6 கொழுப்பு இருக்கிறது. உடம்பு அதில் கொஞ்சத்தை அரக்கிடோனிக் அமிலமாக மாற்றும். அழற்சியைக் கிளப்பும் சில பொருட்கள் அதிலிருந்துதான் உண்டாகின்றன. ஐரோப்பாவில் இரண்டு இலட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், லினோலெயிக் அமிலம் மிகக் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்களவு இருந்தது. ஆனால் அது நோய் வருவதைப் பற்றியது. வந்த நோய் ஒரு கரண்டி நல்லெண்ணெயால் கூடும் என்று அது சொல்லவில்லை.

அதற்காகத் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக விடலாமா என்றால், அதுவும் இல்லை. அதில் லினோலெயிக் அமிலம் மிகக் குறைவுதான். ஆனால் மைரிஸ்டிக் அமிலம் என்ற நிறைவுற்ற கொழுப்பு நிறைய இருக்கிறது. 2020 இல் சர்வதேச நிபுணர்கள் தந்த உணவு ஆலோசனையில், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்கள் அதைக் குறைப்பது நல்லது என்று இருக்கிறது. ஒமேகா 3 கொழுப்பை மாத்திரையாக எடுக்காமல் மீன் போன்ற உணவிலிருந்து எடுக்கச் சொன்னதும் அதே ஆலோசனைதான். ஒமேகா 3 மாத்திரைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். இதே போன்ற இன்னொரு குடல் அழற்சி நோயான குரோன்ஸ் உள்ளவர்களிடம் பெரிய அளவில் சோதித்து 2008 இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளிலும், நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை.

ஆகவே எங்கள் வீட்டில் எண்ணெயை மாற்றவில்லை, அளவைத்தான் மாற்றினோம். தாச்சி நிறைய எண்ணெய் விட்டுப் பொரிப்பதும், பொரித்த எண்ணெயைப் போத்தலில் வைத்து அடுத்த நாளும் பாவிப்பதும் நின்றுவிட்டது. தாளிக்க ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும். முல்லைத்தீவிலிருந்து சூடை மீன் வந்தால் பொரிக்காமல் புளி விட்டு அவிக்கிறோம். வயிறு குழம்பிய நாட்களில் உறைப்பில்லாமல், முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுவேன்.

அடுத்த கிளினிக்குக்குத் தம்பியோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். சமைப்பவர் காதால் டொக்டர் சொல்வதைக் கேட்டால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.