காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்

இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. தினமும் போய்வர பஸ்ஸையும் ரயிலையும் நம்பலாமா, சொந்த வண்டி வாங்கித்தான் ஆக வேண்டுமா? நான் 26 ஆண்டுகள் பஸ்களுக்கு நேர அட்டவணை போடும் பிரிவில் வேலை பார்த்தவன். மேஜையில் உட்கார்ந்து கற்றதைவிட, நானே போட்ட அட்டவணையை நம்பி ஸ்டாப்பில் நின்று கற்றதுதான் அதிகம். அதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு வேலை கிடைத்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டிலிருந்து 14 கி.மீ. இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் 10 நிமிடத்துக்கு ஒன்று, இரண்டாவது அரை மணிக்கு ஒன்று. சில நாள் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறேன், சில நாள் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கடன் வாங்கியாவது பைக் வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். பஸ்ஸிலேயே சமாளிக்க முடியுமா?

பதில்: தம்பி, முடிவெடுப்பதற்கு முன் ஒரே ஒரு வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு சின்ன நோட்டில் தினமும் மூன்று நேரங்களைத் தனித்தனியாகக் குறியுங்கள்: நடந்த நேரம், நின்ற நேரம், பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரம்.

உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்து நானே ஒரு உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடை 10 நிமிடம், முதல் பஸ்ஸில் 25, இரண்டாவதில் 18 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 53. இது நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. மாறுவது நிற்கும் நேரம்தான். இரண்டு பஸ்ஸும் கையோடு கிடைத்தால் ஒரு மணிக்குள் போய்விடுவீர்கள். முதல் பஸ் கண்ணெதிரே போய், இரண்டாவதும் அப்போதுதான் கிளம்பியிருந்தால் 53-உடன் 10-உம் 30-உம் சேர்ந்து 93 நிமிடம். நீங்கள் சொல்லும் ஒன்றரை மணி நேரம் இப்படித்தான் வருகிறது. உங்களைப் படுத்துவது 14 கிலோமீட்டர் அல்ல, அந்த அரை மணி நேர பஸ்.

பஸ் சராசரியாக எத்தனை மணிக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பது உங்களுக்குப் பிரயோஜனப்படாது. ஆபீஸில் தாமதமாகப் போகாமல் இருக்க, நீங்கள் தினமும் மோசமான நாளை மனதில் வைத்துத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். அதனால் மோசமான நாளைச் சுருக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது பஸ்ஸுக்குப் பதிலாக, பெரிய ரோட்டில் ஓடும் வேறு ஏதாவது தடம் உங்கள் ஆபீஸிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் நிற்கிறதா? பல தடங்கள் ஒன்றுசேரும் ரோடாக இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ்கூட இருக்கலாம். அங்கே இறங்கி 12 நிமிடம் நடப்பது, 30 நிமிடம்வரை இழுக்கக்கூடிய காத்திருப்பைவிட எவ்வளவோ மேல். நடை ஏமாற்றாது. தினமும் அதே 12 நிமிடம்தான். நிற்கிற ஒரு நிமிடம் உட்கார்ந்து போகிற இரண்டு நிமிடம்போல மனசுக்குத் தெரியும் என்பது எங்கள் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். திட்டமிடுகிறவர்கள் கணக்குப் போடும்போதே காத்திருப்பை இரட்டிப்பாக எடுத்துக்கொள்வது உண்டு.

அப்புறம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள். வேலை நீண்டுபோகும் நாளில் திரும்ப வழி இல்லையென்றால் அந்தத் தடம் உங்களுக்கு ஒத்துவராது. இந்த இரண்டும் சரியாக அமைந்தால் பைக் வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். கடன் மட்டும் காரணம் இல்லை. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பைக்கில் இருக்கும் உயிராபத்து பஸ்ஸில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அமையவில்லை என்றால் வாங்குங்கள், தப்பே இல்லை.

கேள்வி: அரை மணி நேரமாக ஒரு பஸ்ஸும் வராது. வந்தால் மூன்று சேர்ந்து வரும். டிரைவர்கள் பேசிவைத்துக்கொண்டு இப்படி ஓட்டுகிறார்களா?

பதில்: இல்லை. இந்தப் பழி அவர்கள்மேல் விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஒரு நாள் காலை மழையில் ஒரு ஸ்டாப்பில் கடிகாரத்தோடு நின்றேன். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வர வேண்டும், நிமிடத்துக்கு இரண்டு பேர் ஸ்டாப்புக்கு வந்துகொண்டிருந்தார்கள். அப்படியென்றால் ஒரு பஸ்ஸுக்கு 20 பேர். ஆளுக்கு மூன்று வினாடி வைத்தால் ஏற ஒரு நிமிடம். முதல் பஸ் ஏதோ ஒரு சிக்னலில் மாட்டி இரண்டு நிமிடம் தாமதமாக வந்தது. அதற்குள் 24 பேர் சேர்ந்துவிட்டார்கள், 72 வினாடி ஆகிவிட்டது. அடுத்து வந்த பஸ்ஸுக்கு மிச்சம் 16 பேர்தான், அது 48 வினாடியில் கிளம்பிவிட்டது. ஒரு ஸ்டாப்பில் இவ்வளவு. இப்படி 20 ஸ்டாப் போனால்? முன்னால் போவது நெரிசலில் தள்ளாடும், பின்னால் வருவது காலியாக ஓடிவந்து அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். யாரும் எதுவும் செய்யாமலே இது நடக்கும். நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964-லேயே இதைக் கணித முறையில் விளக்கிவிட்டார்கள்.

காகிதத்தில் இது தெரியாது என்பதுதான் கொடுமை. மணிக்கு ஆறு பஸ் என்று அட்டவணை சொல்கிறது, ஆறும் ஓடிவிட்டன. ஒழுங்கான இடைவெளியில் வந்தால் உங்கள் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். மும்மூன்றாக வந்தால் 15 நிமிடம். அதே பஸ், அதே டீசல், அதே டிரைவர்கள். இந்த வித்தியாசத்தைக் காட்டி நான் எழுதிய குறிப்பு ஒன்று பல மேஜைகளைச் சுற்றிவிட்டு, 'அனைத்து டிரிப்புகளும் இயக்கப்பட்டுள்ளன' என்ற பதிலோடு திரும்பி வந்தது. இன்னும் அந்த வரி எனக்கு மறக்கவில்லை.

சரிசெய்ய வழி இருக்கிறது. நடுவழியில் ஓரிரு ஸ்டாப்புகளில், முன்னதாக வந்துவிட்ட பஸ்ஸைச் சற்று நிறுத்திவைத்து அனுப்ப வேண்டும். டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே வாங்கிக்கொண்டு எல்லாக் கதவிலும் ஏறவிட வேண்டும். உங்களுக்கு ஒரு யோசனை: நெரிசலான பஸ்ஸுக்குப் பின்னால் இன்னொன்று கண்ணுக்குத் தெரிந்தால் இரண்டாவதில் ஏறுங்கள். உட்கார இடம் கிடைக்கும், முதல் பஸ்ஸும் ஒரு ஆள் குறைவாகக் கிளம்பும்.

கேள்வி: டிக்கெட்டை இலவசமாக்கிவிட்டால் எல்லோரும் காரை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு வந்துவிடுவார்களா?

பதில்: வரமாட்டார்கள். எஸ்டோனியாவின் தலைநகர் தாலின் 2013-இல் தன் நகரவாசிகளுக்கு இலவசமாக்கியது. புதிதாக ஏறியவர்களில் பலர் அதுவரை நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள் என்று ஆய்வில் தெரிந்தது. லக்சம்பர்க் 2020 பிப்ரவரி 29 முதல், ரயிலின் முதல் வகுப்பைத் தவிர, நாடு முழுவதும் இலவசமாக்கியிருக்கிறது. கையில் காசில்லாதவருக்கு இது பெரிய ஆறுதல், அதற்காகவே நான் ஆதரிக்கிறேன். ஆனால் காரில் போகிறவரின் குறை டிக்கெட் விலை அல்ல, நேரம். பஸ்ஸுக்குத் தனிப் பாதை கொடுங்கள், அவர் திரும்பிப் பார்ப்பார்.

கேள்வி: இரவு ஒன்பதரை மணிக்கு நாலைந்து பேரோடு ஓடும் பஸ்ஸைப் பார்க்கிறேன். மக்கள் பணம் இப்படி வீணாகலாமா? கூட்டம் இருக்கும் நேரத்தில் மட்டும் ஓட்டினால் போதாதா?

பதில்: நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தேன். மேலிடத்தில் சிக்கனம் கேட்டார்கள். ஒரு தடத்தில் கடைசி இரண்டு டிரிப்பை வெட்டினேன். அந்த டிரிப்புகளில் போனவர்கள் குறைவுதான். ஆனால் சில மாதங்களில் அதே தடத்தின் காலைக் கூட்டமும் இளைத்துப்போனது. ஏன் என்று புரியாமல் கண்டக்டர் ஒருவரிடம் கேட்டேன். "ராத்திரி எப்ப வேலை முடியும்னு தெரியாதவங்க காலைலயே வண்டிய எடுத்துட்டுப் போயிடறாங்க சார்" என்றார். அந்தக் கடைசி பஸ்ஸில் அவர்கள் மாதத்துக்கு இரண்டு முறைகூட ஏறியிருக்க மாட்டார்கள். அது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மற்ற நாள் முழுக்க பஸ்ஸில் வந்தார்கள்.

1662-இல் பாரிஸில், கணித மேதை பிளெய்ஸ் பாஸ்கலின் யோசனைப்படி, குறித்த தடங்களில் குதிரை வண்டிகள் ஓடின. நகரப் போக்குவரத்தின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்வார்கள். அதன் விதிகளில் முக்கியமானது, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த நேரத்தில் வண்டி கிளம்பியாக வேண்டும் என்பது. சாதாரண ஜனங்களை அதில் ஏறவிடாமல் தடுத்தார்கள். அந்த வண்டிச் சேவை நீடிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு விதியில் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும் வண்டியை நம்பி யாரும் வேலைக்குப் போக முடியாது. அந்த ஒன்பதரை மணி பஸ்ஸை வீண் என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து.

கேள்வி: நான் காலையில் 4 வயது மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆபீஸ் போகிறேன். மாலையில் அவளைக் கூட்டிக்கொண்டு, மாமியாருக்கு மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். வீட்டில் ஒரே ஸ்கூட்டர். அதை நான் எடுத்துக்கொண்டு கணவரை பஸ்ஸில் போகச் சொல்வது நியாயமா? சுயநலம் என்று உறவினர்கள் பேசுகிறார்கள்.

பதில்: முழுக்க நியாயம் அம்மா. குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

உங்கள் கணவருக்கு வீடு, ஆபீஸ், வீடு. போக ஒன்று, வர ஒன்று, இரண்டு பஸ். உங்களுக்கு வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து ஆபீஸ், மறுபடி பள்ளி, மருந்துக்கடை, வீடு. பஸ்ஸை நம்பினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காத்திருப்பு, ஐந்து இடத்தில் நிற்க வேண்டும், அதில் மூன்று முறை குழந்தையோடு. அதுவும் தடங்கள் பெரும்பாலும் புறநகரிலிருந்து நகர மையத்தை நோக்கித்தான் ஓடும். நீங்கள் போவது குறுக்கே.

இதில் எங்கள் பிரிவுக்கும் பங்கு உண்டு. நாங்கள் கணக்கெடுத்ததெல்லாம் காலை எட்டிலிருந்து பத்துவரை, ஆபீஸ் போகிறவர்களை. பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் கைக்குழந்தையோடும் பையோடும் நின்ற பெண்களை எண்ண ஆளே போடவில்லை. எண்ணாதவர்களுக்கு எப்படி பஸ் விடுவது? பல வருஷம் கழித்துத்தான் எனக்கு இது உறைத்தது, அதற்குள் எத்தனையோ பேர் வெயிலில் நின்றுவிட்டார்கள். உங்களைப் போன்றவருக்குச் சொந்த வண்டிதான் இன்றைக்கு நடைமுறை. உங்கள் கணவர் பஸ்ஸில் போகட்டும்.

கேள்வி: மெட்ரோ ரயில் வந்தால்தான் விடிவு, பஸ்ஸால் எந்த நகரமும் உருப்பட்டதில்லை என்கிறேன். சரிதானே?

பதில்: பிரேசிலின் குரிச்சிபா நகரத்தைப் பாருங்கள். மேயர் ஜெய்மி லெர்னர் காலத்தில், 1974-இல், பஸ்ஸுக்கென்றே தனிப் பாதை ஒதுக்கினார்கள். 1991-இல் குழாய்வடிவ நிலையங்கள் வந்தன. கட்டணத்தை நிலையத்துக்குள் நுழையும்போதே செலுத்திவிட்டு, படி ஏறாமல் நேரே பஸ்ஸுக்குள் போகலாம். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மக்கள் 1973-இல் சுரங்க ரயில் திட்டத்தை வாக்களித்து நிராகரித்தார்கள், பிறகு 1977-இல் டிராமுக்கும் பஸ்ஸுக்கும் சாலையில் முன்னுரிமை கொடுக்க வாக்களித்தார்கள். அங்கே டிராம் வந்தால் சிக்னல் அதற்கு வழி விடும். மெட்ரோ நல்லதுதான். அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: பஸ்ஸில் படிக்கலாம் என்று புத்தகம் எடுத்துப் போனால் குமட்டுகிறது. என்ன செய்வது?

பதில்: படிக்காதீர்கள். முன்பக்கத்தில், வண்டி போகும் திசையைப் பார்த்த இருக்கையில் உட்கார்ந்து தூரத்தில் பாருங்கள். காதால் கேட்கும் புத்தகம் இருந்தால் கேளுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. முழங்கால் வலி. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். பஸ்ஸில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான். ஒரு முறை ஒரு ஸ்டாப்பில் வயதான அம்மா ஒருவர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பையை மேலே வைத்தார். இடது கையால் கம்பியைப் பிடித்தார். வலது காலைத் தூக்கிப் பார்த்தார், படி எட்டவில்லை, இறக்கிவிட்டார். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இடது காலை வைத்து, ஒரு மூச்சு வாங்கி, ஏறினார். 25 வினாடி. என் அட்டவணையில் அந்த ஸ்டாப்புக்கு நான் கொடுத்திருந்தது 20 வினாடி, அதுவும் எல்லோருக்கும் சேர்த்து. டிரைவர் அவசரப்படுத்தினால் அது டிரைவரின் குணம் இல்லை, நான் எழுதிய எண். அன்றைக்கே திரும்பிப் போய் அந்தத் தடத்துக்குக் கூடுதலாக 4 நிமிடம் போட்டேன்.

உங்கள் அப்பா போகட்டும், தடுக்காதீர்கள். ஆனால் பிசியோதெரபி நேரத்தைக் காலைக் கூட்டம் வடிந்த பிறகு, பத்தரை மணிக்குமேல் கேட்டு வாங்குங்கள். தாழ்தள பஸ் அந்தத் தடத்தில் ஓடுகிறதா, எந்தெந்த நேரத்தில் என்று டிப்போவில் கேட்டு ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். பஸ் கிளம்பும் இடம் பக்கத்தில் இருந்தால் அங்கேயே ஏறச் சொல்லுங்கள், வண்டி நின்றுகொண்டிருக்கும், நிதானமாக ஏறி உட்காரலாம். இறங்கும்போது பஸ் முழுசாக நின்ற பிறகுதான் இருக்கையைவிட்டு எழ வேண்டும். முதல் இரண்டு நாள் நீங்களும் கூடப் போய்வாருங்கள். பக்கத்தில் உட்கார வேண்டாம், இரண்டு வரிசை தள்ளி உட்காருங்கள்.