பெரியவரிடம் எரிந்து விழுந்த டாக்டர்

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் பி.ஜி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளில் டியூட்டி ஏறினால் 36 மணி நேரம் கழித்துத்தான் விடுதிக்குத் திரும்புகிறேன். தன் மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட் பற்றி மூன்றாவது முறை கேட்ட ஒரு பெரியவரிடம் போன வாரம் எரிந்து விழுந்தேன். அன்றிரவு அந்த அம்மா இறந்தபோது எனக்கு எதுவுமே தோன்றவில்லை. அடுத்த கேஸ் ஷீட்டை எடுத்தேன். நான் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லையோ? சில நாள் கண் விழிக்காமலே போய்விட்டால் தேவலை என்றிருக்கிறது.

பதில்: கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வார்டில் ஒரு நோயாளி இதைச் சொல்லியிருந்தால் உடனே மனநல மருத்துவரை அழைத்திருப்பீர்கள். உங்களுக்கும் அதேதான், அம்மா, இந்த வாரமே. சொந்தக் கல்லூரியில் காட்டக் கூச்சமாக இருந்தால் வெளியே பாருங்கள். ரகசியம் காப்பது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அவர்கள் கடமை. நடு இரவில் மனம் கனத்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம். இதழ் வரக் காத்திருக்க வேண்டாம் என்று இதைத் தனிக் கடிதமாகவும் அனுப்பிவிட்டேன்.

இனி அந்தப் பெரியவர். 24 மணி நேரம் கண் மூடாதவரின் நிதானம், ரத்தத்தில் 0.10 சதவீதம் மது ஏறியவரின் நிதானத்துக்குச் சமம் என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட வரம்பு 0.03. வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியவர் கையில் நாம் இன்சுலின் எழுதப் பேனா கொடுக்கிறோம். நான் பி.ஜி.யாக இருந்தபோது 10 யூனிட்டை 100 என்று எழுதினேன். "டாக்டர், ஒரு சைபர் கூடுதலாக இருக்கிறதே" என்று இரவு டியூட்டி சிஸ்டர் சீட்டை நீட்டியது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

சோர்வு, வேலையிலிருந்து மனம் விட்டுப்போதல், எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம். பணிச்சோர்வுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. அந்த நிறுவனம் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. வேலையிடத்தில் விளைவது என்கிறது. ஆகவே குற்றவாளியை உங்களுக்குள் மட்டும் தேடாதீர்கள்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளில் பி.ஜி.க்களுக்கு 'நியாயமான' வேலை நேரம் உண்டு, வார விடுப்பும் உண்டு. நியாயம் என்றால் எத்தனை மணி என்று மட்டும் எழுத மறந்துவிட்டார்கள்! 2024இல் ஆணையத்தின் பணிக்குழு வாரம் 74 மணிக்கு மேல் கூடாது என்றது, அதுவும் பரிந்துரைதான். ஒரு மாதம் பார்த்த மணிக்கணக்கைத் தாளில் எழுதி, யூனிட்டில் நான்கைந்து பேராகச் சீஃபைப் பாருங்கள், தனியாகப் போகாதீர்கள். இரவு டியூட்டிக்கு மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்ததும் விட்டுவிட வேண்டும் என்று அந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். "நாங்களெல்லாம் இப்படித்தான் படித்தோம்" என்பார். நானும் என் ஜூனியர்களிடம் அப்படிச் சொன்னவன்தான். தப்பு.

டியூட்டி முடிந்து ஸ்கூட்டரை எடுக்காதீர்கள், ஆட்டோவில் போங்கள்.

இறப்புச் சான்றிதழ் விஷயமாக அந்தப் பெரியவர் ஒரு நாள் வரக்கூடும். வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, ஸ்கேனில் என்ன இருந்தது என்று சொல்லுங்கள். மூன்று முறை கேட்டவர், இன்னும் தெரிந்திருக்காது.