முதுகுக் கோட்டின் நிறத்தை நம்பாதீர்கள்

கேள்வி: சியாட்டில் அருகே குடியிருக்கிறோம். தோட்டத்தில் சிவப்புக் கோடு போட்ட பாம்பு ஒன்று, மஞ்சள் கோடு ஒன்று, நீலப்பச்சைக் கோடு ஒன்று எனப் பார்த்துவிட்டோம். எல்லாமே கார்ட்டர் பாம்புதான், அதாவது உடம்பு நெடுகக் கோடு ஓடும் வட அமெரிக்கப் பாம்புதான் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மூன்றும் வேறு வேறு இனமா? சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு, பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். வாஷிங்டன் மாநிலத்தின் ராட்டில் பாம்புகள் (வாலைக் கிலுகிலுக்கும் விஷப் பாம்புகள்) காஸ்கேட் மலைகளுக்குக் கிழக்கே, வறண்ட பூமியில் வாழ்பவை. உங்கள் பக்கம் கிடையாது. கார்ட்டர் பாம்பின் எச்சிலில் சின்ன இரையை அடக்குகிற லேசான நஞ்சு உண்டு. ஆளைக் கடித்தால் கீறலும் கொஞ்சம் வீக்கமும் வரலாம், அவ்வளவுதான். கையில் எடுத்தால் நாற்றமடிக்கும் நீரைப் பீய்ச்சிவிடும். அது சோப்புக்கும் எளிதில் போகாது.

உங்கள் பகுதியில் 3 கார்ட்டர் இனங்கள் உண்டு: சாதாரண கார்ட்டர், வடமேற்கு கார்ட்டர், மேற்கத்திய தரை கார்ட்டர். ஆனால் கோட்டின் நிறத்தை மட்டும் வைத்து இவற்றை உறுதியாகப் பிரிக்க முடியாது. வடமேற்கு கார்ட்டரில் சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் வரும். கோடே இல்லாததும் உண்டு. கார்ட்டர்கள் முட்டையிடாமல் குட்டி போடுபவை. ஒரே தாய் போட்ட குட்டிகளே ஆளுக்கொரு நிறத்தில் இருக்கும். அதனால் நீங்கள் பார்த்த மூன்றும் ஒரே இனமாகவும் இருக்கலாம்.

நான் எப்போதும் தலையைத்தான் முதலில் பார்ப்பேன். கழுத்தைவிடக் கொஞ்சம்தான் அகலமான சின்னத் தலை, சிறிய உடம்பு, நத்தையும் மண்புழுவும் கிடைக்கிற ஈரத் தோட்டம் என்றால் பெரும்பாலும் வடமேற்கு கார்ட்டர். பெரிய கண், தெளிவாகப் பிரிந்து தெரியும் தலை என்றால் சாதாரண கார்ட்டராக இருக்கலாம். சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடற்கரைப் பகுதியில் அதன் கோடுகள் நீலப்பச்சையாக இருப்பது வழக்கம் என்பதால், உங்கள் மூன்றாவது பாம்பு அதுதானோ என்று எனக்குச் சந்தேகம்.

உறுதி செய்ய மேலுதட்டுச் செதில்களை எண்ண வேண்டும். ஒரு பக்கத்துக்கு 8 இருந்தால் பெரும்பாலும் தரை கார்ட்டர்; மற்ற இரண்டுக்கும் வழக்கமாக 7. அந்த இரண்டையும் பிரிக்க உடம்பின் நடுவில் செதில் வரிசைகளை எண்ணலாம்: வடமேற்கு கார்ட்டருக்கு 17, சாதாரண கார்ட்டருக்கு 19. இதில் விதிவிலக்குகளும் வரும், ஒற்றை அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். இதற்காகப் பாம்பைப் பிடிக்க வேண்டியதில்லை. பாம்பு காலை வெயில் காயும்போது, தலையைப் பக்கவாட்டில் தெளிவாக ஒரு படம் எடுத்தால் உதடு தெரிந்துவிடும். மேலிருந்து எடுக்கிற படம் அழகாக இருக்கும், அடையாளம் காண உதவாது.

அப்புறம் ஒரு வேண்டுகோள்: நத்தைக்கு விஷ மருந்து போடாதீர்கள். இந்தப் பாம்புகளே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

கேள்வி: சிகாகோவில் பார்த்த பாம்பின் பக்கக் கோடு அறுந்து அறுந்து இருந்தது. சமவெளி கார்ட்டரா?

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் ஊர்ப் பக்கத்துச் சாதாரண கார்ட்டருக்கே கழுத்தருகில் கறுப்புப் பட்டைகள் பக்கக் கோட்டை அறுத்துவிடும். அகலமான வயிற்றுச் செதிலுக்கு மேலே முதல் வரிசையிலிருந்து எண்ணுங்கள். கோடு 2, 3-ஆம் வரிசைகளில் ஓடினால் சாதாரண கார்ட்டர். 3, 4-இல் ஓடி, உதட்டுச் செதில்களின் இடையே கறுப்புக் கோடுகளும் இருந்தால் சமவெளி கார்ட்டர்.